கடைக்காரர் சொன்ன முதலிடம்

1952 நவம்பரில் லண்டனில் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' இதழின் பெர்சி டிக்கின்ஸ் சுமார் இருபது இசைத்தட்டுக் கடைகளுக்குப் போன் போட்டார். இந்த வாரம் எந்தத் தட்டு நன்றாகப் போகிறது என்று விசாரித்து, வந்த பதில்களுக்குப் புள்ளி போட்டுக் கூட்டினார். 14ஆம் தேதி அந்த இதழில் பிரிட்டனின் முதல் பாப் தரவரிசை வெளிவந்தது. இடங்கள் பன்னிரண்டு, சிலவற்றில் இரண்டு தட்டுகள் உட்கார்ந்ததால் மொத்தம் பதினைந்து பாடல்கள். உச்சியில் பாடகர் அல் மார்ட்டினோ.

தமிழில் 'அளவை' என்றால் படியும் நாழியும் மட்டுமல்ல. எதையும் உண்மையென்று அறியும் வழிக்கும் அதுதான் பெயர். பல அளவைகளை எண்ணும் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், அவற்றைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கிவிடுகிறது. டிக்கின்ஸ் எந்தத் தட்டும் விற்றதைக் காணவில்லை. கடைக்காரர் உரையைக் கேட்டார். அதை வைத்து நாட்டின் ரசனையைக் கருதினார்.

உரைகள் முரண்பட்டால்?

1963இல் பீட்டில்ஸின் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' இதழிலும் 'மெலடி மேக்கர்' இதழிலும் முதலிடம். 'ரெக்கார்ட் ரீடெய்லர்' வரிசையிலோ இரண்டாமிடம். மேலே ஃபிராங்க் ஐஃபீல்ட். பல இதழ்களின் வரிசைகளைச் சேர்த்துச் சராசரி எடுத்த பிபிசிக்கு 1968 ஆகஸ்டில் இன்னொரு சங்கடம்: மூன்று பாடல்கள் ஒரே சமயத்தில் முதலிடத்தில் நின்றன.

அந்த வாரம் ஏதோ ஒரு தட்டு மற்றவற்றைவிட அதிகம் விற்றிருக்கத்தானே வேண்டும் என்று கேட்கலாம். விற்பனை, யாரும் எண்ணாவிட்டாலும் நடந்த சங்கதிதான். 'முதலிடம்' அப்படியல்ல, எந்தக் கடை, எத்தனை கடை, எந்தக் கிழமை என்று ஒருவர் முடிவெடுத்த பிறகே அது பிறக்கிறது.

அமெரிக்காவில் 'பில்போர்டு' இதழ் 1991 மே வரை ஆல்பங்களுக்குக் கடைக்காரர் வாய்மொழியையே நம்பியிருந்தது. பிறகு கல்லாவில் பார்கோடு ஸ்கேனர் பதிந்த கணக்கு வந்தது. செப்டம்பரில் கார்த் புரூக்ஸின் கண்ட்ரி ஆல்பம் நுழைந்த வாரமே உச்சியில் அமர்ந்தது. அதுவரை கண்ட்ரி ஆல்பம் எதுவும் அப்படி நுழைந்ததில்லை. அந்தக் கோடையில் அமெரிக்கர்களின் காது திடீரென்று மாறிவிடவில்லை, மாறியது சாட்சி.

இயந்திரத்தின் காண்டலும் கல்லாவோடு முடிந்துவிடுகிறது. தெருவே கூடிக் கேட்ட தட்டும், உறை பிரிக்காமல் அலமாரியில் தூங்கிய தட்டும் அதற்கு ஒன்று, ஒன்றுதான்.

பிரிட்டனில் 1960களின் வரலாற்றுக்குப் பிற்காலத் தொகுப்பாளர்கள் 'ரெக்கார்ட் ரீடெய்லர்' வரிசையையே ஆதாரமாகக் கொண்டார்கள். 2000இல் பீட்டில்ஸின் முதலிடப் பாடல்கள் '1' என்ற பெயரில் ஒரே தட்டாக வந்தன. மொத்தம் 27 பாடல்கள். 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' அவற்றில் இல்லை.