எரிப்பதற்காகத் தைத்தது

நீலகிரித் தோடர்களின் போர்வைக்குப் பூத்துக்குளி என்று பெயர். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை. துணியை அவர்கள் நெய்வதில்லை, வெளியிலிருந்து வாங்குகிறார்கள். பூவேலைதான் அவர்களுடையது, அதுவும் பெண்களுடையது. சட்டத்தில் மாட்டுவது கிடையாது, பென்சிலால் வரைந்துகொள்வதும் கிடையாது. இழைகளை எண்ணி எண்ணித்தான் ஊசி போகும். நாள்கணக்கில் ஆகிற வேலை. ஆணும் பெண்ணும் போர்த்திக்கொள்கிற இதே துணியில்தான், ஒருவர் இறந்தால் உடலையும் சுற்றுகிறார்கள். உடலோடு அதுவும் நெருப்புக்குப் போகிறது.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு போர்வையைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தபோது இதை அம்மாவிடம் சொன்னேன். மயிலாப்பூரிலிருந்து வெண்கலச் சிலைகளைப் பார்க்கக் கிளம்பியவர்கள் நாங்கள். மானுடவியல் பிரிவுக்குள் நுழைந்ததே மின்விசிறிக்காகத்தான். "எரிக்கவா இவ்ளோ அழகா தைக்கிறாங்க?" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "இது யாரோடதா இருக்கும்?" நான் பார்த்த அட்டையில் இனத்தின் பெயர்தான் இருந்தது. தைத்தவள் பெயரோ, போர்த்தியவர் பெயரோ இல்லை.

நெருப்புக்கென்று தைத்த துணியை நெருப்பிலிருந்து விலக்கி வைப்பது காப்பாற்றுவதா, தடுப்பதா? இது மலைமேல் நடக்கிற விஷயம், நமக்கென்ன என்று சொல்லிவிட முடியாது. சாவு வீட்டில் கோடி போடுவதைப் பார்த்தவர்கள்தானே நாமும். பிறந்த வீட்டுக் கோடி வராமல் ஒரு பெண்ணைத் தூக்க மாட்டார்கள். புதுத்துணி, மடிப்புக்கூடக் கலையாதது, ஒரு மணி நேரத்தில் சாம்பல்.

எங்கள் பாட்டி தன் கூறைப்புடவையைத் தன்மேல் போர்த்தி அனுப்பச் சொல்லியிருந்தாள். அசல் ஜரிகை, அரக்குச் சிவப்பு. அன்றைக்கு அத்தை, "எடுத்து வைக்கலாமே, இனிமே இந்த மாதிரி யாரு நெய்யப்போறா?" என்றாள். பேராசை என்று அதைத் தள்ளிவிட முடியாது. அருங்காட்சியகங்கள் சொல்வதும் அதே வாதம்தான். அம்மா ஒன்றும் பேசாமல் புடவையைப் பிரித்துப் போர்த்தினாள். அத்தை ரொம்ப நாள் பேசவில்லை.

அத்தையின் கேள்விக்குக் கொடாலிக் கருப்பூர்ப் புடவை ஒரு விதமான பதில். கும்பகோணம் பக்கத்துக் கிராமம் அது. தஞ்சை மராத்திய அரண்மனைக்காக, ஜரிகை நெசவும் கையால் எழுதிச் சாயம் தோய்ப்பதும் ஒரே துணியில் சேர்ந்த வேலை. 1855-இல் கம்பெனி தஞ்சாவூரை எடுத்துக்கொண்டதும் வாங்க ஆள் இல்லை, நூற்றாண்டு முடிவதற்குள் தொழிலே அடங்கிவிட்டது. இன்று அருங்காட்சியகங்களில் துண்டுகளாகப் பத்திரமாக இருக்கிறது. துணி பிழைத்தது, அதைச் செய்த கை பிழைக்கவில்லை. பூத்துக்குளியின் கதை தலைகீழ். பழையது எரிந்துகொண்டே இருப்பதால் புதியது தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது. தேவை இருப்பதால் மகளுக்கு இழை எண்ணத் தெரிந்திருக்கிறது.

இதை வைத்துக் கண்ணாடிப் பெட்டிகளை உடைக்கச் சொல்லவில்லை. கருப்பூர் வேலையை மறுபடி செய்து பார்க்க முயன்றவர்களுக்கு அந்தத் துண்டுகள்தானே பாடப்புத்தகம். மெட்ராஸ்காரியான நான் பூத்துக்குளி என்ற சொல்லைத் தெரிந்துகொண்டதும் கண்ணாடி வழியாகத்தான்.

எனக்கு உறுத்துவது வேறு. பாட்டி சொல்லியிருந்தாள். அந்த ஒரு வாக்கியம் இருந்ததால் அம்மாவுக்கு வாதாட வேண்டிய அவசியமே வரவில்லை. இந்த அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டன் தோடர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தவர். தோடர், கோத்தர் பற்றிய அவருடைய ஏட்டை அருங்காட்சியகமே 1896-இல் வெளியிட்டது. அளவெல்லாம் அச்சில் இருக்கிறது. அந்தக் காலத்தில் மலையிலிருந்து இறங்கிய பொருள்களில் எது விற்றது, எது கேட்டு வாங்கியது, எது மறுக்கத் தெரியாமல் கொடுத்தது? விலைக்கு வாங்கியதென்றாலும், அளக்க வந்த துரையிடம் எவ்வளவு பேரம் பேச முடியும்! எரிப்பதா வைப்பதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அதைப் போர்த்தியவர். அவர் சொன்னது எந்த அட்டையிலும் ஏறவில்லை என்றால், நாம் காப்பாற்றியது துணியை மட்டும்தான்.

2013-இல் தோடர் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது மேசை விரிப்பு, பை, மேல்துண்டு என்று விற்பனைக்கே தைக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. விலையைச் சொல்கிறவள் அங்கே இருக்கிறாள். ஆழ்வார்பேட்டையில் ஒரு கைவினைக் கண்காட்சியில் மொபைல் பை ஒன்று வாங்கினேன். தோடர் பெண்களுக்கு, நாம் பின்பக்கம் என்று நினைக்கிற, நூல் மேடாகத் துருத்திக்கொண்டிருக்கும் பக்கம்தான் நல்ல பக்கம். எதை நமக்குக் காட்டுகிறார்கள் என்று பார்க்கப் பையைத் திருப்பினேன். உள்ளே லைனிங் வைத்துத் தைத்திருந்தது.