ஆறு புள்ளி ஆறு

கல்லூரியில் முதலாமாண்டு வேதியியல் மாணவர்களுக்கு நான் வைக்கும் முதல் பிராக்டிகல் மிக எளிமையானது. எண் ஒட்டிய ஓர் உலோகத் துண்டைக் கொடுப்பேன். அதை எடை போட வேண்டும். அளவு உருளையில் பாதிவரை தண்ணீர் ஊற்றி, துண்டை நூலில் கட்டி உள்ளே இறக்கி, தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். எடையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி. சுவரில் இருக்கும் அட்டவணையைப் பார்த்து உலோகத்தின் பெயரை எழுத வேண்டும். அலுமினியம் 2.70, துத்தநாகம் 7.14, வெள்ளீயம் 7.29, இரும்பு 7.87, செம்பு 8.96, காரீயம் 11.34. அரை மணி நேர வேலை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வகுப்பில், நான்காம் எண் துண்டு ஒவ்வொன்றாக நான்கு குழுக்களின் கைக்குப் போனது. மூன்று குழுக்கள் 7.1 என்று எழுதி, துத்தநாகம் என்று முடித்திருந்தன. நான்காவது குழுவில் ஒரு மாணவி 6.6 என்று எழுதியிருந்தாள். எடை 99 கிராம். தண்ணீர் 50 மில்லியிலிருந்து 65க்கு ஏறியிருக்கிறது. உலோகத்தின் பெயர் எழுதும் இடம் காலி.

“ஏம்மா, டேபிள்ல 6.6 எங்க இருக்கு?”

“இல்ல சார். அதான் பேர் எழுதல.”

“காத்துக் குமிழி ஒட்டியிருக்கும். திரும்பப் போடு.”

“மூணு தடவ போட்டுட்டேன் சார். அதேதான் வருது.”

மேசைமேல் இருபது நோட்டுகள் காத்திருந்தன. “அப்ப மத்தவங்களுக்கு மட்டும் எப்படி 7.1 வருது? அவங்க நோட்டப் பாத்துட்டு வா” என்றேன்.

ஐந்து நிமிடத்தில் வந்தாள். 65ஐ அடித்து 64 ஆக்கியிருந்தாள். 6.6ஐ ஒற்றைக் கோட்டால் அடித்து மேலே 7.1 என்று எழுதியிருந்தாள். பெயர்: துத்தநாகம். பத்துக்கு ஒன்பது போட்டேன். குறைத்த ஒரு மார்க், அடித்தல் திருத்தலுக்காக.

அந்த ஆண்டு முடிவில் ஹைட்ரஜன் தயாரிக்கத் துத்தநாகம் போதவில்லை. அந்தத் துண்டை அறுத்துக் கொடுக்கும்படி லேப் அட்டெண்டரிடம் சொன்னேன். பாதி அறுத்தவர் கூப்பிட்டார். “சார், உள்ள பொந்து இருக்கு.” உருக்கி வார்த்தபோது விழுந்த குழி, ஒரு சுண்டைக்காய் அளவு. வெளியே தெரிய வழியே இல்லை. அமிலத்தில் போட்டபோது துத்தநாகம் மாதிரியேதான் கரைந்தது. அது துத்தநாகம்தான். ஆனால் 99 கிராம் துத்தநாகம் 14 மில்லிக்குச் சற்றுக் குறைவாகத்தான் தண்ணீரை ஏற்ற வேண்டும். கூடுதலாக ஏறிய ஒரு மில்லி அந்தப் பொந்து.

ஆக, அவள் அளந்தது சரி. மற்ற மூன்று குழுக்களுக்கும் 7.1 வந்திருக்கவே முடியாது. சுவரைப் பார்த்துக் கணக்கைப் பின்னாலிருந்து போட்டிருக்கிறார்கள். கடைசியில் நான்கு குழுக்களும் பொய் எழுதின. அவளுடையது மட்டும் நான் சொல்லி எழுதியது.

அன்றிலிருந்து என்னை விடாத கேள்வி ஒன்று உண்டு. துண்டு துத்தநாகம்தான். திருத்திய விடைதான் உண்மை. அப்படியென்றால், ஓர் எண்ணை மாற்றி உண்மைக்குப் போய்ச் சேர்ந்தால் அது பொய்யா?

என் பக்கமும் நியாயம் உண்டு. கல்லூரிக்கு வந்து இரண்டு வாரமான மாணவி ஒருத்தி, ஒரு மில்லிக்கு ஒரு கோடு போட்ட உருளையில் பார்த்த எண் ஒருபுறம். எத்தனையோ ஆய்வகங்களில் எத்தனையோ பேர் நுட்பமான கருவிகளால் அளந்து உறுதிசெய்த எண் மறுபுறம். இரண்டும் முரண்பட்டால் எதை நம்புவது? அட்டவணையைத்தான். பெரும்பாலான நேரங்களில் தவறு மாணவர் பக்கம்தான் இருக்கும். தன் கண்ணை மட்டும் நம்பி உலகம் முழுவதையும் சந்தேகிப்பது அறிவியல் அல்ல, அது வேறு நோய்.

ஆனால் அட்டவணை எதைப் பற்றிப் பேசுகிறது? துத்தநாகம் என்கிற பொருளைப் பற்றி. உருளைக்குள் கிடந்தது ஒரு துண்டு. பொருளின் குணத்தைத் துண்டின்மேல் ஏற்றும்போது, இடையில் ஒன்றுமே இல்லை என்று நாம் வைத்துக்கொள்கிறோம். இந்தத் துண்டில் இடையில் ஒரு பொந்து இருந்தது.

அடர்த்தி ‘இல்லை’ என்று சொல்வதில் வல்லது, ‘ஆமாம்’ என்று சொல்வதில் பலவீனமானது. ஆர்க்கிமிடீஸ் கதையில் அரசன் கேட்டதும் கிரீடத்தில் கலப்படம் உண்டா என்றுதான். உள்ளே பொந்து இல்லாதபோது அடர்த்தி குறைந்தால் அது சுத்தத் தங்கம் அல்ல என்று அடித்துச் சொல்லலாம். சரியாக இருந்தால் தங்கம்தான் என்று சொல்ல முடியாது. தங்கத்தின் அடர்த்தி 19.3, டங்ஸ்டனுடையது ஏறக்குறைய 19.25. தங்கக் கட்டிக்குள் டங்ஸ்டனை வைத்து ஏமாற்றுவது இதனால்தான் நடக்கிறது. பால்மானியும் அப்படித்தான். பாலில் ஆடையை எடுத்தால் அடர்த்தி கூடும், தண்ணீர் ஊற்றினால் குறையும். இரண்டையும் கணக்காகச் செய்தால் பால்மானி நல்ல பால் என்றே காட்டும்.

எங்கள் உருளையில் 99 கிராம் துத்தநாகம் 13.9 மில்லி காட்ட வேண்டும், வெள்ளீயம் 13.6. ஒரு மில்லிக் கோடுகளை வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிக்கவே முடியாது. பொந்து இல்லாத துண்டுக்கே ‘துத்தநாகம் அல்லது வெள்ளீயம்’ என்பதுதான் நாணயமான விடை. ஆண்டுக்கணக்காக, தயங்காமல் துத்தநாகம் என்று எழுதியவர்களுக்கு நான் முழு மார்க் போட்டுவந்திருக்கிறேன்.

இந்த இடத்தில் ரேலே பிரபுவின் நினைவு வரும். நைட்ரஜனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தவர் அவர். காற்றிலிருந்து மற்றவற்றை நீக்கி எடுத்த நைட்ரஜனும், அம்மோனியாவிலிருந்து எடுத்த நைட்ரஜனும் ஒரே எடை காட்டவில்லை. முதலில் தெரிந்த வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்கு. யாராக இருந்தாலும் சராசரி எடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். அவர் 1892இல் ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் எழுதி, எனக்குப் புரியவில்லை, காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டார். வேறுபாட்டை மறைக்க அல்ல, பெரிதாக்கத்தான் பார்த்தார். இரண்டாவது முறையில் காற்றே கலக்காமல் செய்தபோது அது இருநூறில் ஒரு பங்கானது. ஒரே கண்ணாடிக் கோளத்தை நிரப்பிய வாயு ஒருமுறை 2.310 கிராம், மறுமுறை 2.299 கிராம். வில்லியம் ராம்சேயும் சேர்ந்துகொண்டார். 1894இல் இருவரும் அறிவித்தார்கள்: காற்றில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு யாருக்கும் தெரியாத ஒரு வாயு இருக்கிறது. அதுதான் ஆர்கான். 1904இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அதற்கும் நூறாண்டுக்கு முன், 1785இல், ஹென்றி கேவண்டிஷ் காற்றுக்குள் மின்பொறி பாய்ச்சி நைட்ரஜனை முழுக்க நீக்கப் பார்த்தார். ஒரு சிறு குமிழி மட்டும் போகவே இல்லை. 120இல் ஒரு பங்குக்கு மேல் இராது என்று குறித்து வைத்தார். அது என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனால் அடிக்காமல் விட்டார். ரேலே பின்னர் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தார்.

என் மாணவி ஆர்கானைக் கண்டுபிடித்திருப்பாள் என்று சொல்ல வரவில்லை. நூறு முறையில் தொண்ணூற்றொன்பது முறை 6.6க்குக் காரணம் காற்றுக் குமிழியாகவோ ஈரத் துண்டாகவோதான் இருக்கும். நான் தவறு செய்தது அட்டவணையை நம்பியதில் அல்ல. அட்டவணையை வைத்து முடிவை எழுதச் சொல்லியிருக்கலாம். அதை வைத்து அவள் பார்த்ததைத் திருத்தச் சொன்னேன். ‘6.6 வந்தது. துத்தநாகமாக இருக்கலாம். வேறுபாடு ஏன் என்று தெரியவில்லை’ என்று மூன்று வாக்கியம் எழுத இடம் கொடுத்திருந்தால், அவள் அட்டவணையையும் மதித்திருப்பாள், தன் கண்ணையும் மதித்திருப்பாள். விடையும் அதேதான். எண்ணை மாற்றியதால் உண்மை ஒன்றும் கூடவில்லை. பொந்து இருக்கிறது என்பதற்கான ஒரே சாட்சிதான் போனது.

அதனால் என் கேள்விக்கு நான் கண்ட பதில், ஆமாம், அது பொய்தான். 64 என்பது துத்தநாகத்தைப் பற்றிச் சொன்ன பொய் அல்ல, ‘நான் இதைப் பார்த்தேன்’ என்று சொன்ன பொய். முடிவு உண்மையானது அதைச் சரிசெய்துவிடாது.

இப்போது இந்தப் பிராக்டிகலுக்கு அட்டவணையைக் கடைசியில்தான் கொடுக்கிறேன். அளந்த எண்ணைப் பேனாவில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிய பிறகு. பொந்துள்ள துண்டு ஒன்றையும் வேண்டுமென்றே சேர்த்துவைக்கிறேன். முதல் வாரம் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள், எண் சரியா என்று. “எனக்கென்ன தெரியும், நீதானே பாத்த” என்கிறேன். சிரிக்கிறார்கள், நம்புவதில்லை. பன்னிரண்டு வருடம் பள்ளியில் பழகியது அவ்வளவு சீக்கிரம் போகாது.

அவள் படிப்பை முடித்துப் போய்விட்டாள். அறுத்த துண்டின் ஒரு பாதி என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அவள் எண்ணைத் தேடிப் பிடித்து, நீ பார்த்தது சரிதான்மா என்று சொல்வது பெரிய வேலை இல்லை. இன்னும் சொல்லவில்லை.