காட்சியும் களிம்பும்

சாவியைத் திருப்பியும் காரின் செல்ஃப் மோட்டார் சுழலவில்லை. கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். 'பேட்டரி போய்விட்டது' என்று அடுத்த நொடியில் சொல்லப்படுவது காட்சி அன்று, கருதல். கண்டதிலிருந்து காணாததற்குத் தாவுவது எப்போது அறிவாகும், எப்போது வெறும் துணிபாக நின்றுவிடும் என்பது, 'அளவை' என்ற பெயரில் தமிழ்ச் சமய நூல்கள் நெடுங்காலம் வாதிட்ட கேள்வி.

மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரத்து அளவைவாதி பத்து அளவைகளை எண்ணிச் சொல்கிறான். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் அவற்றைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்கினார். அளவைவாதி அந்தப் பத்தோடு நிற்கவில்லை. அறிவுபோல் தோன்றி ஏமாற்றும் எட்டுப் பிழைகளையும் பெயர் சொல்லிக் காட்டுகிறான். ஒளிவிடும் இப்பியை, அதாவது சிப்பியை, வெள்ளி என்று கொள்வது திரியக் கோடல். ஆராயாமலேயே கம்பத்தை மனிதன் என்று முடிவுகட்டுவது தேராது தெளிதல். முத்துச்சிப்பி விளைந்த மன்னார் வளைகுடாக் கரையில் முதல் உதாரணத்துக்கு விளக்கம் வேண்டியதில்லை.

இராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்போடுதான் வருகிறது. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை 2017இல் திறக்கப்பட்ட பின், இருபுறமும் அலை தெறிக்கும் பாதையில் கார்கள் கடைசிவரை போய் நிற்கின்றன. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வயரின் நுனியில் லக் அழுத்திய இடத்தில் அது புகுந்தால், ரப்பர் உறைக்கு உள்ளேயே செம்பு பச்சையாகக் களிம்பேறும். வெளியே வயர் புதிதுபோல இருக்கும். உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமையும் செம்பில் களிம்புதான். ஒரு வேறுபாடு உண்டு. சித்தாந்தத்தின் களிம்பு செம்போடு அனாதியாக உடன் இருப்பது. வயரின் களிம்பு காற்றில் வந்து சேர்ந்தது. மறைந்திருந்து தொழிலைத் தடுப்பதில் இரண்டும் ஒன்றே.

களிம்பு பேட்டரியைக் குற்றவாளியாக்கும் விதம் கணக்கில் தெளிவாகும். ஒரு மூட்டில் 0.02 ஓம் தடை சேர்ந்துவிட்டதாகக் கொள்ளலாம். இரண்டு ஹெட்லைட்டுகளும் சேர்ந்து ஏறக்குறைய 10 ஆம்பியர் எடுக்கும். அந்த வழியில் அவை எரிந்தால் இழப்பு 0.2 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் கேட்டால் அதே மூட்டில் 3 வோல்ட் தொலையும், மோட்டார் திணறும். ஆகவே 'லைட் நன்றாக எரிகிறது, வயரிங் சரிதான்' என்பது தேராது தெளிதல். மின்னோட்டம் இல்லாதபோது வயரின் மறுமுனையில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டுவதை நம்புவதும் அப்படியே. ஒற்றை இழை மிஞ்சிய வயரும் அதே எண்ணைக் காட்டும். சுமை ஏறாத வரை குறை வெளிப்படாது.

வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்தது என்று கருதுவதை அளவைவாதி 'எச்சம்' என்கிறான். விளைவிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி அது. பழுது பார்ப்பவரின் வழியும் அதுவே. ஆனால் 1959இல் வைகை அணை வந்த பின், இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வைகைத் தண்ணீர் வருவதை வைத்து மலையில் நேற்று மழை என்று சொல்லிவிட முடியாது, மதகு திறந்திருக்கலாம். ஒரு விளைவுக்குப் பல காரணங்கள் இருக்கும்போது, அவற்றைப் பிரித்துக்காட்டும் இன்னொரு அடையாளம் தேவை. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புவது அப்படி ஒன்று. விளக்கு அணைவதுபோல் மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது அதன் டெர்மினல் பிடிப்பு கெட்டிருக்கும். விளக்கு மங்காமல் 'டக்' என்ற ஒலி மட்டும் வந்தால் சொலினாய்டு, மோட்டார், இன்ஜினுக்குப் போகும் எர்த் வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒலியே இல்லையென்றால் சாவி சுவிட்சும் ரிலேயும் முதலில் சந்தேகத்துக்குரியவை.

பெரும்பாலும் இவ்வளவு தூரம் யாரும் போவதில்லை. புதிய பேட்டரி மாட்டப்படுகிறது, வண்டி கிளம்புகிறது, பழையதே குற்றவாளி என்று தீர்ப்பாகிறது. இதற்கு அளவைவாதியிடம் 'மீட்சி' என்று பெயர். இராமன் வென்றான் என்று கேட்டால் இராவணன் தோற்றான் என்று அறிவது அவன் தரும் உதாரணம். இராமேசுவரத்தில் அதை மறுப்பார் இல்லை. எனினும் அந்த முடிவு செல்வது போரில் இரு தரப்பு மட்டுமே இருந்ததால். செல்ஃப் மோட்டாரின் சுற்றில் தரப்புகள் பல. பேட்டரியை மாற்றியபோதே டெர்மினல் சுரண்டப்பட்டது, போல்ட் முறுக்கப்பட்டது; வென்றது எது என்று தெரியாமலே தோற்றதன் பெயர் சொல்லப்படுகிறது. பழைய பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி, சுத்தம் செய்த அதே டெர்மினலில் திரும்ப மாட்டிப் பார்ப்பதே நேர்மையான சோதனை. சுற்றுலாப் பயணிகளை ஏற்றி நாள் வருமானத்தில் வாழும் ஓட்டுநருக்கு அந்தச் சோதனைக்கு ஆகும் நேரம் வருமான இழப்பு.

எர்த் பக்கத்தைச் சோதிக்க, மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் எதிர்மின் ஈயக் குமிழிலேயே இருக்க வேண்டும், கிளாம்பில் அன்று. மறுமுனை இன்ஜினின் உலோகத்தில். சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் தடை இருக்கிறது. நேர்மின் குமிழுக்கும் மோட்டாரின் முனைக்கும் இடையிலும் இதேபோல் அளக்கலாம். இரண்டிலும் இழப்பே இல்லாமல், மோட்டாரின் முனையில் முழு வோல்ட்டேஜ் நின்றும் அது சுழலவில்லை என்றால், இப்போதைய குற்றம் மோட்டார்மேல்; மின்னோட்டம் ஓடாததால் வயர்கள் சரி என்று இதை வைத்துத் தெளிய முடியாது. மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ்ஷைப் பார்க்க வேண்டும்.