அடைக்கலமும் பிறப்பும்

உயிர்க்கு உடம்பும் ஊரும் வினைக்கீடாக இறைவனாற் கூட்டப்படுவன. இன்ன இனத்திற் பிறத்தல் வேண்டுமென எவ்வுயிரும் தானே தெரிந்துகொண்டதில்லை. ஆகலின், தஞ்சம் புகுந்தாரைப் பிறப்புப் பற்றி விலக்குதல் அறமாமோவென ஈண்டு ஆராய்வாம்.

பூந்தமல்லிக்கு அணித்தாகிய திருவேற்காடு மூர்க்க நாயனார் அவதரித்த பதி. அடியார்க்கு அமுதளித்த பின்னரே தாம் உண்ட அப்பெரியார், வந்தாரது நாடும் குலமும் வினவினாரென வரலாறு கூறிற்றில்லை. அப்பூந்தமல்லியிலேயே பின்னாளில் ஈழத்தமிழரை அடைத்துவைத்த சிறப்பு முகாமொன்று இருந்தது.

1948-ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வமிசத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 2019-ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டமோ, பாக்கிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் என்னும் மூன்று நாடுகளினின்றும் 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஆறு சமயத்தார்க்கே வழி திறந்தது. ஈழத்தமிழரும், அந்நாடுகளின் இசுலாமியரும் அதன் புறத்தே நிற்கின்றனர்.

அற்றேல், எல்லை காத்தல் அரசின் கடனன்றோவெனின், கடனே. ஒருவன் செயலை ஆராய்ந்து தண்டித்தல் காவல். பிறப்பை நோக்கி ஒறுத்தல் காவலன்று, ஆணவ மறைப்பின் விளைவேயாம். இனி, ஈழத்தவர் நம்மவராகலின் அவர்க்கு மட்டும் வழிவிடுக என்பதும் ‘எனது’ என்னும் பற்றேயன்றி அறமன்று. புறத்தே நிற்கும் ஏனையோர்க்கும் ஒத்த நீதி வேண்டப்படும்.

சட்டம் குடிகளின் பேரால் இயற்றப்படுவது. ஆகலின் அதன் பழியும் அவர்க்குண்டு. உறுப்பினர்பால் விண்ணப்பித்தல், வாக்களிக்குங்கால் வினவுதல், நீதிமன்றம் நாடுவார்க்குத் துணையாதல் ஆகிய இவை குடிகளின் கடன். அத்திருத்தத்தை நீக்குமாறு தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2021 செப்டம்பர் 8-இல் தீர்மானம் நிறைவேற்றியமையும் காண்க.

மாகேசுவர பூசை செய்வார் மதிற்புறத்து நிற்பாரை மறத்தல் அப்பூசைக்கே குறையாமென்க.