ஈகையும் ஒப்புரவும்: தீவக மின்னொளி பற்றிய ஓர் அறவியல் நோக்கு

திருவள்ளுவர் ஒப்புரவறிதலை ஓர் அதிகாரமாகவும், ஈகையை அதனை அடுத்த வேறோர் அதிகாரமாகவும் வகுத்தார். இரண்டும் கொடுத்தல் பற்றியனவே; எனினும் ஒன்றல்ல. ஈகை, உள்ளவன் இல்லாதவனுக்கு அளிப்பது. ஒப்புரவோ, கூடிவாழும் சமுதாயத்தில் ஒருவன் தன் பங்கினை ஆற்றும் கடப்பாடு. முன்னதிற் பெறுவோன் கைதாழ்ந்து நிற்றல் கூடும். பின்னதில் இருவரும் சமநிலத்தில் நிற்பர். வசதி குன்றிய மக்களுக்கு ஞாயிற்றின் ஆற்றலால் ஒளியூட்டப் பிறர் பொருள் வழங்கும்போது, அஃது இவ்விரண்டனுள் எதன்பாற்படும்?

இவ்வினாவுக்கு யாழ்ப்பாணத் தீவகம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் குடாநாட்டினின்று கடலாற் பிரிக்கப்பட்டவை. நாட்டின் மின்வலையமைப்பு எட்டாமையின், இலங்கை மின்சார சபையின் டீசல் மின்பிறப்பாக்கிகளையே அவை நம்பியிருந்தன. வெயிலும் காற்றும் நிறைந்த அத்தீவுகளின் விளக்கெரிய எண்ணெய் கடல் கடந்து வரவேண்டியிருந்தது.

2021 ஜனவரியில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுடன் இங்கு சூரிய, காற்று மின்திட்டம் அமைக்கும் பணியைச் சீன நிறுவனமொன்றுக்கு வழங்க இலங்கை அமைச்சரவை இசைந்தது. தமிழ்நாட்டுக் கரைக்கு அண்மையில் இது நிகழ்வதை இந்தியா ஆட்சேபித்தது. மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கரிசனையாற் பணி இடைநிறுத்தப்பட்டதென அவ்வாண்டு டிசம்பரிற் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை ஏற்பட்டது. 2024 மார்ச்சில், ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலர் இந்திய நன்கொடையில், பெங்களூர் நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1,700 கிலோவாற்றுச் சூரிய மின்சாரமும், 530 கிலோவாற்றுக் காற்று மின்சாரமும், அவற்றைச் சேமிக்கும் மின்கலங்களும், துணைக்கு டீசல் இயந்திரங்களும் அத்திட்டத்தில் அடங்கும்.

இம்மூன்றாண்டு வரலாற்றில் ஓர் உண்மை கருதத்தக்கது. தீவு மக்களுக்கு மின்சாரம் தேவை என்பதை எவரும் மறுத்திலர். வழக்கு, கொடுப்பவர் யார் என்பது பற்றியதே. பெறுவோர் அவ்வழக்கில் ஒரு தரப்பினராகவேனும் எண்ணப்பட்டாரல்லர்.

பசித்தவன் சோறு வந்த வழியை வினவுவானோ என்று சிலர் கேட்கலாம். விளக்கொளியிற் படிக்கும் சிறுவனுக்கு அதன் பின்னுள்ள அரசியல் எதற்கு? இவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. கொடுப்போரின் நோக்கம் தூய்தாகும்வரை காத்திருப்பதாயின், காத்திருக்கும் துன்பம் தீவினர்க்கே உரியதாகும். ஆதலின் நன்கொடையை ஏற்றல் தவறன்று. ஏற்றபின் அதனை எவ்வாறு தமதாக்குவது என்பதே அறத்தின் வினா.

இதற்கு விடை குடாநாட்டின் பழைய வாழ்க்கையிலேயே உண்டு. பங்குக் கிணற்றில் ஒவ்வொருவருக்கும் இறைப்புமுறை உண்டு. கிணறு தூர்ந்தால் தூரெடுக்கும் பொறுப்பும் உண்டு. அதனைத் தோண்டியவர் எவராயினும், பங்கும் பொறுப்பும் உடையவரே அதற்கு உரியவர்.

சூரியப் படல்கள் இருபதாண்டுக்கு மேல் உழைக்கலாம்; மின்கலங்கள் அதற்கு முன்பே வலுவிழக்கும். உப்புக்காற்று இரும்பை அரிக்கும். புதிய மின்கலம் வாங்கும் நாளில் நன்கொடையாளர் அருகிருப்பார் என்பதற்கு உறுதியில்லை. அந்நாளுக்கான பணத்தை இன்றே ஒதுக்குவதும், தீவின் இளைஞரைப் பழுதுபார்க்கப் பயிற்றுவதும், கட்டணமும் விநியோகமும் பற்றிய முடிவுகளில் ஊரவரை அமர்த்துவதும் திட்டத்தின் அணிகலன்களல்ல. அதன் அறமே அவைதாம்.

கடன் என்னுஞ் சொல் தமிழில் திருப்பித்தர வேண்டிய பொருளையும் குறிக்கும், கடமையையும் குறிக்கும். நன்கொடை முதற்கடனை நீக்கவல்லது. இரண்டாங்கடனோ கொடுத்தவர், இடைநின்ற அரசு, பெற்றவர் ஆகிய மூவரிடத்தும் எஞ்சிநிற்கும். அதனை மூவரும் ஆற்றும்போதே ஈகையாக வந்த ஒளி ஒப்புரவாக நிலைபெறும்.