எழுத்தின் உடை

ஒரு நூலின் எழுத்துக்கள் எந்த வடிவத்தில், எவ்வளவு பெரியவையாக இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு? எழுதியவனுக்கா, பதிப்பித்தவருக்கா, காசு கொடுத்து வாங்கிப் படிப்பவருக்கா? முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் யாராவது இப்படிக் கேட்டிருந்தால், "வேறு வேலை இல்லையா?" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்போம். அச்சகத்திலிருந்து புத்தகம் வந்தது வந்ததுதான். கண் எட்டாவிட்டால் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாம். எழுத்தை மாற்ற முடியாது.

மின்நூல் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. பதிப்பாளர் தாம் தேர்ந்தெடுத்த எழுத்துருவை நூலுக்குள்ளேயே பொதிந்து அனுப்பலாம். படிப்பவரோ அதை ஒதுக்கிவிட்டுத் தமக்குப் பிடித்த எழுத்துருவை, அளவை, வரி இடைவெளியை வைத்துக்கொள்ளலாம். கிண்டில் போன்ற கருவிகளில் 'பதிப்பாளர் எழுத்துரு' என்பது பட்டியலில் உள்ள பல பெயர்களில் ஒரு பெயர். நேற்றுவரை சிம்மாசனத்தில் இருந்தவர் இன்று வரிசையில் நிற்கிறார்.

அப்படி வரிசையில் நிற்கும் பதிப்பாளர் ஒருவர் என் நண்பர். புத்தகத்தைக் குழந்தையைப் போல் அலங்கரித்து அனுப்புகிற மனிதர். "பாருங்கள் சார், சமையற்காரன் உப்புப் பார்த்து இறக்கி வைக்கிறான். வந்து உட்கார்ந்தவன் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் உப்பை அள்ளிக் கொட்டினால் அவனுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எழுத்துரு என்பது வெறும் பூச்சு அல்ல. மெல்லிய எழுத்தில் நிதானமாக ஓடும் ஒரு பக்கம், தடித்த எழுத்தில் இரைச்சலாகிவிடுகிறது. வில்லியம் மாரிஸ் 1891-ல் இங்கிலாந்தில் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கித் தாமே எழுத்துக்களை வடிவமைத்தது பொழுதுபோகாமல் அல்ல. அழகான பக்கமும் நூலின் ஒரு பகுதி என்று அவர் நம்பினார்.

இந்தக் கட்சியைக் கேட்டுக்கொண்டு ஊரப்பாக்கத்துக்குத் திரும்பினால், அடுத்த கட்சிக்காரர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு கண்ணில் புரை நீக்கியாகிவிட்டது. இன்னொரு கண்ணில் விழித்திரை பழுது. அதற்குக் கண்ணாடி உதவாது. கையகலப் பலகை போன்ற கருவியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு நாவல் படிக்கிறார். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "தம்பி, ஒரு பக்கத்துக்கு ஆறு வரிதான் வருது. ஆனா அந்த ஆறும் தெரியுதில்ல?"

இவரிடம் போய், 'ஐயா, பக்கத்தின் அழகு கெடுகிறது' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

கண் பழுதானவர்களை மட்டும் விலக்காக வைத்துவிட்டு மற்றவர்களுக்குப் பதிப்பாளர் சட்டம் போடலாமா? இங்கிருந்து தாம்பரம் போகிற மின்சார ரயிலைக் காலை வேளையில் பாருங்கள். ஒரு கை மேலே தொங்கும் பிடியில், ஒரு கை கைபேசியில். வண்டி ஆடுகிறது, வரியும் ஆடுகிறது. அந்தப் பெண்மணிக்கு எழுத்து சற்றுப் பெரிதாக வேண்டும். அதே பெண்மணி இரவில் குழந்தை தூங்கிய பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் படிக்கும்போது கறுப்புப் பின்னணியில் வெளிர் எழுத்து வேண்டும். தம் மேஜைமேல் நல்ல வெளிச்சத்தில் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்த பதிப்பாளருக்கு இந்த ரயிலும் தெரியாது, இந்த இருட்டும் தெரியாது. தெரியாதது அவர் குற்றமல்ல. தெரியாத இடத்தில் தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது நல்லது.

அது போகட்டும். அந்தக் காலத்தில் பதிப்பாளராவது தம் இஷ்டப்படி எழுத்தைத் தேர்ந்தெடுத்தாரா? தரங்கம்பாடியின் கதையைக் கேளுங்கள். சீகன்பால்கு பாதிரியாரின் அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் எழுத்துக்களை வார்த்து அனுப்பினார்கள். 1713-ல் அவை வந்து சேர்ந்தன. பெரிய பெரிய எழுத்துக்கள். காகிதத்தைத் தின்று தீர்த்தன. காகிதமோ அருமையான பண்டம். ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. எழுத்தின் அளவை அங்கே தீர்மானித்தது கலையுணர்ச்சியல்ல, காகிதத்தின் விலை. நம் காலத்து மலிவுப் பதிப்புகளில் பொடி எழுத்துக்களை நிறைத்ததும் அதே விலைதான். மின்நூலில் காகிதம் இல்லை. விலை போட்ட கட்டளை விலகிய பிறகும் அதைப் பதிப்பாளரின் பரம்பரைச் சொத்தென்று கொண்டாடுவது சரியாகுமா?

இன்னும் பின்னால் போனால் ஓலைச்சுவடி. ஓலையில் ஏடெழுதுகிறவன் கையெழுத்துத்தான் எழுத்துரு. ஏட்டுக்கு ஏடு அது மாறும். புள்ளி வைப்பதில்லை, குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு, காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-ல் அச்சில் கொண்டுவந்தபோது ஓலையின் வடிவத்தை அப்படியே காப்பாற்றவில்லை. புள்ளியிட்டு, பாடம் தெளிந்து, தம் காலத்து வாசகன் படிக்கக்கூடிய எழுத்தில் கொடுத்தார். திருத்தக்க தேவர் மறுக்கவில்லை. மறுக்க அவர் இல்லை. ஆனால் சிந்தாமணி இருக்கிறது. ஓலை உளுத்துப் போயிற்று, பாட்டு பிழைத்தது. உடையைக் கழற்ற மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் உடலும் சேர்ந்தே மண்ணாகியிருக்கும்.

நமக்கு நெருங்கிய உதாரணமும் உண்டு. கல்கி தம் வாரப் பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனை எழுதியபோது, லை, ளை, ணை, னை என்பவை தலைமேல் தும்பிக்கை வளைத்து நின்றன. றா, ணா, னா ஆகியவை காலில்லாமல் சுழித்துக்கொண்டன. பெரியார் 1935-லிருந்தே தம் பத்திரிகையில் சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தி வந்தார். 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு அதை ஆணையாக்கியது. கல்கி 1954-லேயே காலமாகிவிட்டார். அவருடைய சம்மதத்தை யாரும் கேட்டிருக்க முடியாது. இன்று நாம் படிக்கும் வந்தியத்தேவன் புதிய எழுத்தில்தான் குதிரை ஏறுகிறான். அவன் வேறு வந்தியத்தேவன் என்று யாராவது சொல்கிறோமா?

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். கணினியில் 'லை' என்பது எண்களாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. தும்பிக்கை போட்டு வரைவதா, முன்னால் ஐகாரக் கொம்பு வைத்து வரைவதா என்பது எழுத்துருவின் வேலை. பழைய வடிவங்களைக் கொண்ட எழுத்துரு ஒன்றைப் பொருத்திக்கொண்டால், இன்றைய நாவலை ஒரு பெரியவர் தம் பள்ளிக்கூடத்து எழுத்திலேயே படிக்கலாம். அவர் பேத்தி அதே நாவலைப் புதிய எழுத்தில் படிக்கலாம். அரசாணையாலும் தர முடியாத சமரசம் இது.

எழுத்தும் வடிவமும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 1990-களில் கணினித் தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு. அந்த எழுத்துரு உங்களிடம் இல்லையென்றால் திரையில் தெரிவது தமிழல்ல, புரியாத கிறுக்கல். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முதலியோரின் தன்னலமற்ற உழைப்பால் பழந்தமிழ் நூல்களை ஏற்றத் தொடங்கியது. அவர்களும் ஒரு குறியீட்டிலிருந்து இன்னொன்றுக்கு நூல்களை மாற்றி மாற்றிக் கடைசியில் யூனிகோடுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அப்படிக் குடிபெயர்த்ததால்தான் அந்த நூல்கள் இன்று எந்தக் கருவியிலும் திறக்கின்றன. பக்கங்களை வெறும் படமாகப் பிடித்து விற்கும் மின்நூல்கள் இன்றும் உண்டு. பதிப்பாளரின் எழுத்து அதில் சிதையாமல் இருக்கும். ஆனால் எழுத்தை மட்டும் பெரிதாக்கினால் வரி தானே மடிந்துகொள்ளாது. பார்வையற்றவருக்குக் கருவி அதை அப்படியே வாசித்தும் காட்டாது.

சட்டம்கூட இந்த இடத்தில் வாசகன் பக்கம் வந்திருக்கிறது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக நூலை வேறு வடிவத்துக்கு மாற்ற உரிமையாளரின் அனுமதி வேண்டியதில்லை என்று நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012-ல் திருத்தப்பட்டது. அதே நோக்கத்துடன் 2013-ல் உருவான மர்ரகேஷ் உடன்படிக்கையை முதலில் ஏற்று உறுதி செய்த நாடு இந்தியாதான், 2014-ல்.

அப்படியானால் பதிப்பாளருக்குச் சொல்ல ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. நம் சித்திரகவிகளை எண்ணிப் பாருங்கள். நாகபந்தத்தில் பாம்பின் உடலோடு எழுத்துக்கள் வளைந்து போகின்றன. பின்னலில் ஒரே எழுத்து இரண்டு இடத்துக்குப் பயன்படுகிறது. அங்கே வடிவத்தைக் கலைத்தால் கவியே போய்விட்டது. குறளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அடியில் நாலு சீர், இரண்டாம் அடியில் மூன்று. கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால் நாலாவது சீர் தனியே கீழே விழுந்து, குறள் மூன்றடிப் பாட்டாகிவிடுகிறது. இந்த இடங்களில் பதிப்பாளர் குரல் கொடுக்கத்தான் வேண்டும். மடங்கி விழுந்த சீரைச் சற்று உள்ளே தள்ளி வைத்து, 'இது புது அடியல்ல' என்று காட்ட வேண்டியது அவர் கடமை. எங்கே வடிவமே பொருளோ அங்கே அவர் காவலர். எங்கே வடிவம் உடையோ அங்கே அவர் நல்ல தையற்காரர். அதற்கு மேல் இல்லை.

வாசகருக்கும் ஒரு வார்த்தை. உரிமை என்பது ஒன்று, மரியாதை என்பது இன்னொன்று. விருந்துக்குப் போன வீட்டில் உப்புக் கேட்டு வாங்கிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. முதல் கவளத்தைப் பரிமாறியபடியே சாப்பிட்டுப் பார்ப்பது மரியாதை. கண் இடம் கொடுக்குமானால், பத்துப் பக்கமாவது பதிப்பாளர் தந்த எழுத்தில் படித்துப் பாருங்கள். யாரோ ஒருவர் உங்களை நினைத்து அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். பிடிக்காவிட்டால் தாராளமாக மாற்றுங்கள். யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

எழுதுகிறவனான என் பங்கு என்ன? என் கதை எந்த எழுத்தில் வந்தால் அழகாயிருக்கும் என்று எனக்கும் ஓர் ஆசை உண்டு. ஆனால் அந்த ஆசைக்கு என் வாக்கியம் அடிமையாகக் கூடாது. ஒரே ஓர் எழுத்துருவில் மட்டும் உயிரோடிருந்து, மற்றவற்றில் சோர்ந்து விழுகிற வாக்கியத்தைக் குறை சொல்ல வேண்டுமே தவிர வாசகரை அல்ல. ஒரு பக்கத்துக்கு ஆறு வரிதான் கொள்ளும் என்றால், அந்த ஆறு வரியும் தன் காலில் நிற்கும்படி எழுத வேண்டியது என் வேலை.