நட்பும் வேலியும்

நண்பர்கள் சிலர் ஒன்றுகூடி ஆண்டுக்கணக்காக ஒரே காரியத்தை ஒரே விதமாகச் செய்து வந்தால் அது நாளடைவில் அவர்களுக்குள் ஒரு மரபாகிவிடுகிறது. அந்த மரபு நட்பைக் காக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், அது அந்த நண்பர்களை நீதியுள்ளவர்களாகவும் ஆக்குகிறதா? இக்கேள்வியை ஆராய எனக்கு எட்டாத ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். கோல்ப் மட்டையை நான் கையால் தொட்டதில்லை. மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்ற வேளைகளில் நுவரெலியாவின் கோல்ப் புல்வெளியை வெளியே நின்று பார்த்ததோடு சரி. எனினும் கோல்ப் தோழர்களின் பழைய கதையொன்று நமக்கும் பொருந்துவதாக எனக்குப் படுகிறது.

ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரை அடுத்துள்ள துறைமுகம் லீத். அங்கே கோல்ப் ஆடிவந்த கனவான்கள் சிலர் 1744 இல் ஒரு போட்டிக்காக 13 விதிகளை எழுதினர். இன்று கிடைக்கின்ற எழுதப்பட்ட கோல்ப் விதிகளுள் மிகப் பழையவை இவையே. எடின்பரோ நகரசபை வெள்ளியாலான மட்டையொன்றைப் பரிசாக வழங்கியது. வென்றவர் ஜோன் ரட்ரே என்ற சத்திரவைத்தியர். விதிகளின் கீழ் தலைவராக ஒப்பமிட்டவரும் அவரே. பந்து தண்ணீரில் விழுந்தால் வெளியே எடுத்து ஆடலாம், ஆனால் அதற்காக எதிராளிக்கு ஓர் அடியை விட்டுக்கொடுக்க வேண்டும் என்கிறது அவற்றுள் ஒரு விதி. அடிகளின் கணக்கு ஆடுபவனிடமே ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஒருவரையொருவர் நம்பி ஆடுவதும், ஆடி முடிந்ததும் கூடியிருந்து உண்பதும் அவர்களது வழக்கமாயிருந்தன.

மறு ஆண்டே நாடு இரண்டுபட்டது. பறிபோன அரியணைக்கு உரிமைகோரி இளவரசர் சார்ள்ஸ் எட்வர்ட் கிளர்ச்சி செய்தார். ரட்ரே அவர் பக்கம் சேர்ந்து வைத்தியராகப் பணிபுரிந்தார். அதே கோல்ப் வட்டத்தைச் சேர்ந்த டங்கன் போர்ப்ஸ் ஸ்கொட்லாந்தின் உயர் குடியியல் நீதிமன்றத்தின் தலைவர். அரசாங்கத்தின் பக்கம் உறுதியாக நின்று, பலரைக் கிளர்ச்சியில் சேரவிடாமல் தடுத்தவர். 1746 ஏப்ரல் 16 ஆம் திகதி, போர்ப்ஸின் மாளிகையை அண்டிய கலொடன் வெளியில் கிளர்ச்சிப்படை முறியடிக்கப்பட்டது. ரட்ரே சிறைப்பட்டார். போர்ப்ஸின் தலையீடுதான் அவரைத் தூக்குமேடையிலிருந்து காப்பாற்றியது.

நட்பின் பெருமையைச் சொல்ல இதைவிட நல்ல கதை வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். எனக்கோ இங்கேதான் சங்கடம் தொடங்குகிறது. அந்தப் போரில் சிறைப்பட்ட பலர் தூக்கிலிடப்பட்டனர். நூற்றுக்கணக்கானோர் கடல் கடந்து நாடுகடத்தப்பட்டனர். அவர்களுக்கு நீதிபதியோடு கோல்ப் ஆடும் பாக்கியம் வாய்த்திருக்கவில்லை. அப்படியாயின் ரட்ரேக்குக் கிடைத்தது கருணையா, சலுகையா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவில் தோழமையின் கடமைகளை எட்டாக வகுத்துக் கூறுகிறார்கள். பொருளால் உதவுவது, குறையை மறைப்பது, பிழை பொறுப்பது, தோழனுக்காகத் துஆச் செய்வது எல்லாம் அவற்றுள் அடங்கும். அதேவேளை, பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக அமைந்தாலும் நீதியில் நிலைத்திருக்க வேண்டும் என்பதும் ஸூறா அந்நிஸா நமக்கு இடும் கட்டளை. இவ்விரண்டையும் ஒருசேரச் சுமப்பது எப்படி?

போர்ப்ஸின் வாழ்விலேயே இதற்கு ஒரு விடை இருக்கிறது. அவர் தம் தோழரோடு நின்றுவிடவில்லை. தோற்றுப்போனோர் எல்லோரிடமும் இரக்கம் காட்டும்படி வாதாடினார். அதனால் வெற்றிபெற்ற தளபதியின் வெறுப்பையும் சம்பாதித்துக்கொண்டார். ஒரு ரட்ரேயை அறிந்திருந்தவருக்கு, எதிரணியில் நின்ற முகமறியாதவர்களும் மனிதர்களாகத் தெரிந்தார்கள் போலும். நட்பு தோழனைக் காப்பதோடு முடிந்துவிட்டால் அது சலுகை. தோழனிடம் கற்ற இரக்கம் அந்நியனையும் எட்டுமானால்தான் அது அறம்.

எட்டுவது இலேசல்ல என்பதை நாம் அறிவோம். 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்களே, அதற்கு முன்னர் அங்கே தமிழர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நட்பு இல்லாமலா இருந்தது? இருந்தது. தோழனுக்காகக் கலங்கும் மனம் ஒரு சமூகத்துக்காகப் பேசும் குரலாக வளர்வதுதான் அரிதாயிருக்கிறது. இது எல்லாச் சமூகங்களுக்கும், நமக்கும் பொருந்தும்.

லீத்தில் தொடங்கிய அதே குழுதான் இன்று மியூர்பீல்ட் மைதானத்தை உடைய கழகம். பெண்களை அங்கத்தவராகச் சேர்ப்பதா என்று 2016 இல் அங்கே வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மையோர் ஆதரித்தும் தேவையான மூன்றில் இரண்டு கிடைக்கவில்லை. எதிர்த்தவர்கள் முன்வைத்த காரணங்களுள் நால்வர் கூடி ஆடும் ஆட்டமுறையும் பகல் விருந்து ஏற்பாடுகளும் இருந்தன. புகழ்பெற்ற ஓப்பன் போட்டியை இனி அங்கே நடத்துவதில்லை என்று அறிவிக்கப்பட்ட பின்னர், 2017 இல் அதே அங்கத்தவர்கள் பெரும் வாக்கு வித்தியாசத்தில் இணங்கினர். 2019 இல் முதலாவது பெண் அங்கத்தவர்கள் சேர்ந்தனர். ஒருகாலத்தில் போரையே தாண்டிய தோழமை ஒரு சாப்பாட்டு மேசையைத் தாண்ட இத்தனை காலம் எடுத்தது.

சிரித்துவிட்டுப் போக நமக்கு உரிமையில்லை. நமது இலக்கிய வட்டங்களுக்கும் மரபுகள் உண்டு. முதற்பிரதி, பொன்னாடை, விழா முடிந்து மண்டபம் வெறிச்சோடிய பின் சிலர் மட்டும் தங்கியிருந்து பேசும் பேச்சு. எந்தத் தொகுப்பில் யார் பெயர், அடுத்த மேடையில் யார் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பேச்சில்தான் முடிவாகின்றன. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் கிராமத்து இளைஞன் அதில் இல்லை. நம் சஞ்சிகைகளில் எழுதும் சகோதரிகளும் அதில் இல்லை. அவர்களைத் தடுக்க யாரும் விதி எழுதவில்லை. வழக்கமே போதுமாயிருக்கிறது.

கூடிப் பேசுவதைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த இனிமை எனக்கும் வேண்டியதே. ஆனால் முடிவுகளைச் சபையில் வெளிச்சமிருக்கும்போதே எடுக்கலாம். இரவுப் பேச்சைப் பேச்சாகவே விட்டுவிடலாம். இதனால் நம் நட்பு குறைந்துபோகும் என்று யாராவது அஞ்சினால், அந்த நட்பு இதுவரை எதன்மீது நின்றது என்பதை அவரே யோசித்துப் பார்க்கட்டும்.